கடவையும் ஒழுங்கையும்: நிதி கேட்கும்போது விடும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் பலாலி வீதியைக் குறுக்கே கடக்க ஒரு பாதசாரிக் கோட்டுக் கடவை வேண்டுமென்றால் எங்கட ஆட்கள் முதலில் போய் நிற்பது பிரதேச சபையில். முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாத தவிசாளர் "பார்ப்பம்" என்று அனுப்பிவிடுவார். மனு கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும். பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி, ஏ-9 போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி தர வீதிகளை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. உள்வீதிகளும் ஒழுங்கைகளும்தான் மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கு உரியவை. எந்த வீதி எவருடையது என்பதைச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டு எழுதினால் பாதி அலைச்சல் மிச்சம்.

விலாசம் சரியாக இருந்தாலும் கேட்பது பிழைத்துவிடுகிறது. "கோடு கீறித் தாருங்கள்" என்று மட்டும் எழுதுகிறோம். வெறும் கோடு யாரையும் காப்பாற்றாது. மேலே விளக்கில்லாத கடவையில் இரவில் நிற்கும் ஆளைச் சாரதி காண்பது கடைசி நொடியில்தான். கடவைக்குச் சற்று முன்னால் பஸ் நின்றால், பஸ்ஸுக்கு முன்னால் இறங்கி நடக்கும் பிள்ளையை முந்திவரும் மோட்டார் சைக்கிள்காரருக்குத் தெரியாது. அதனால் தரிப்பிடம் கடவையைத் தாண்டி இருக்க வேண்டும். வீதியோரக் கானுக்கு மூடி இல்லையென்றால் வயதானவர் கடவையின் நுனிவரை வந்துசேரவே முடியாது. கோடு அதிகார சபையின் வேலை, தெருவிளக்கு உள்ளூராட்சி சபையின் வேலை, தரிப்பிடத்தை நகர்த்தப் போக்குவரத்து அதிகாரிகளும் பொலிசும் சம்மதிக்க வேண்டும். ஒரு கடவைக்கு இத்தனை பேருடைய கை வேண்டியிருப்பதால், எல்லாருக்கும் ஒரே வரைபடத்தை இணைத்து, இன்னாரிடம் இன்னதைக் கேட்கிறோம் என்று பிரித்து எழுதுங்கள். எல்லாரும் ஒன்றாக இருக்கும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அது எடுபட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்ப இடமில்லை.

அடுத்தது காலம். இதைத்தான் நான் மிக மோசமான தவறு என்பேன். அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. சபைகள் அடுத்த ஆண்டின் பாதீட்டை ஆண்டின் கடைசி மாதங்களில் நிறைவேற்றிவிடும். பெப்ரவரியில் போய்க் கேட்டால் "ஒதுக்கீடு இல்லை" என்பார்கள், அது பொய்யும் அல்ல. கோரிக்கையும் மதிப்பீடும் ஓகஸ்ட், செப்ரெம்பருக்குள் மேசைக்குப் போயிருக்க வேண்டும். இன்னொரு பக்கம், மத்தியிலிருந்தும் மாகாணத்திலிருந்தும் வரும் காசு ஆண்டு முடிவுக்குள் செலவாகாவிட்டால் கைநழுவிப் போய்விடும். அது பிந்தி வந்து, நவம்பரில் அவசரமாக வேலை தொடங்குவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறோம். நவம்பர் எங்களுக்கு மாரி. கடவைக்கு உருக்கிப் பூசும் தேர்மோபிளாஸ்ரிக் பூச்சு ஈரத் தாரில் பிடிக்காது. மார்கழியில் பூசியது பங்குனிக்குள் உரிந்துபோனால் ஒப்பந்தகாரரை மட்டும் திட்டிப் பயனில்லை.

வீதிக்குக் காப்பெற் போடும் வேலை வருகிறது என்று கேள்விப்பட்டால் உடனே எழும்புங்கள். புதுத் தார் பழைய கோட்டை மூடிவிடும், வேகமும் கூடும். கடவை, அறிவிப்புப் பலகை, நடைபாதையின் சரிவு எல்லாவற்றையும் அந்த வேலையின் மதிப்பீட்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டால் தனியாக நிதி தேடத் தேவையில்லை. ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு கேட்பது வீண்.

ஒழுங்கைகளை இணைக்கும் விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரி. பிரதான வீதிக்கு வராமல் பின்பக்கத்தால் பள்ளிக்கூடத்துக்கோ புகையிரத நிலையத்துக்கோ நடந்தும் சைக்கிளிலும் போகக்கூடிய பாதைகள் எங்கள் ஊர்களில் நிறைய உண்டு. வலிகாமத்துக் கிராமங்களின் அமைப்பே அப்படி. இடையில் ஐம்பது யார் நீளமான ஒரு துண்டுதான் அறுந்து கிடக்கும். அந்தத் துண்டு தனியார் காணியா, சபையின் பதிவில் உள்ள பாதையா என்று பார்க்காமல் கொங்கிறீற் கேட்கிறார்கள். தனியார் காணியில் சபை காசு போட்டால் கணக்காய்வு பிடிக்கும். காணிக்காரர் மனம் வைத்தால் நன்கொடை உறுதி எழுதிச் சபைக்குக் கொடுக்கலாம். முதலில் நில அளவை. வேலியை மெல்லப் பாதைக்குள் அரக்கிய கதை எங்கள் ஊரில் எந்த ஒழுங்கையில்தான் இல்லை? அளக்காமல் வேலை தொடங்கினால் அது வழக்கில்தான் போய் நிற்கும்.

வட்டாரத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிடுவதும் இந்தத் துண்டுகளைக் கொன்றுவிடுகிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் பங்கில் கொஞ்சம் கொங்கிறீற் போடுவார். எல்லையில் இருக்கும் துண்டு எவருக்கும் வாக்குத் தராது. மாநகர சபையும் நல்லூர் பிரதேச சபையும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் இது இன்னும் மோசம். இரண்டு சபைகளுக்கும் ஒரே திகதியில் ஒரே கோரிக்கையைக் கொடுத்து, இரண்டு பக்கத்து உறுப்பினர்களையும் ஒன்றாக அழைத்துவந்து அந்தத் துண்டில் நடக்கவிடுங்கள்.

தண்டவாளத்தைக் குறுக்கறுக்கும் பாதை என்றால் சபையிடம் கேட்டுப் போதாது. யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரிலும் காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியிலும் ரயில் திரும்பி வந்தது. அது ஓடாத காலத்தில் பழகிய குறுக்குவழிகள் இன்றைக்கும் பலருக்குப் பழக்கம். கடவையைத் திறப்பதும் பாதுகாப்பதும் புகையிரதத் திணைக்களத்தின் அனுமதியோடு நடக்க வேண்டியவை. அனுமதி வருமுன் பாதையைத் தண்டவாளம்வரை செப்பனிட்டால் ஆபத்துக்குக் கம்பளம் விரித்த மாதிரி.

வெளிநாட்டுக் காசு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்லதும் செய்திருக்கிறது. 2021இல் ஆரியகுளம் நன்கொடையில் புதுப்பிக்கப்பட்டபோது வேலை மாநகர சபையின் ஊடாகவே நடந்தது. அதுதான் வழி. பழைய மாணவர் சங்கம் வாளியோடு இறங்கி அதிகார சபையின் வீதியில் தானே கோடு கீற முடியாது. சபைத் தீர்மானத்தோடு விளக்கு, நிழற்குடை, கைப்பிடி போன்றவற்றுக்கு அந்தக் காசைக் கொடுக்கலாம்.

கொடுப்பவரும் வாங்குபவரும் மறப்பது பராமரிப்பு. விளக்கு மூலதனச் செலவு. குமிழ் மாற்றுவது மீண்டெழும் செலவு, அது வேறு தலைப்பில் பாதீட்டில் இருக்க வேண்டும். கோரிக்கைக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் "ஆண்டுதோறும் மாரி முடிந்ததும் கோட்டை மீளப் பூசவும், பழுதான விளக்கை மாற்றவும் ஒதுக்கீடு" என்று ஒரு வரி சேர்த்து, பிரதியைச் செயலாளருக்கும் அனுப்பிவிடுங்கள். தவிசாளர் மாறினாலும் கோப்பு செயலாளருடைய அலுவலகத்தில்தான் இருக்கும்.