ஹாம் ரேடியோ செட்டை வீட்டில் திறக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி குடியிருக்கும் நண்பர் ஒருவர் போன ஐப்பசியில் தன் பழைய ஷார்ட்வேவ் ரிசீவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஓஎம், செட்டு செவிடாயிடுச்சு. ஐஎஃப்டி எல்லாத்தையும் திருகிப் பார்த்துட்டேன், ஒண்ணும் ஏறலை" என்றார். உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிற ஹாம்கள் நாங்கள் வயது பார்க்காமல் ஒருவரையொருவர் ஓஎம் (ஓல்ட் மேன்) என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஐஎஃப்டி என்பது வேண்டிய சிக்னலை மட்டும் தேர்ந்தெடுக்க செட்டுக்குள் இருக்கும் காயில்; ஒரு சின்ன உலோகக் கேனுக்குள், திருகக்கூடிய கோர் ஒன்றோடு இருக்கும். என் ஆன்டெனாவில் மாட்டிப் பார்த்தேன். அப்போதும் செவிடுதான். மறுநாள் அவர் வீட்டு மொட்டைமாடிக்குப் போய், கோஆக்ஸ் கேபிளின் முனையிலிருந்த பிஎல்-259 பிளக்கைக் கழற்றினோம். உள்ளே ஒரே பச்சைக் களிம்பு. உப்புக்காற்றும் மழைத்தண்ணீரும் சேர்ந்து செப்பின் பின்னலை அரித்திருந்தன. பத்து நிமிட வேலை. ஆனால் அவர் திருகிவைத்த ஐஎஃப்டிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று. அதில் ஒரு கோர் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது.

வீட்டில் செட்டைத் திறப்பவர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். நேற்று ராத்திரி வரை நன்றாகக் கேட்ட செட்டின் அலைன்மென்ட், அதாவது கோர்கள் சரியாக நிற்கும் நிலை, இன்று காலையில் தானாக மாறிவிடாது. ஐஎஃப்டிக்குள் இருக்கும் சின்ன கண்டன்சர் கெட்டுப்போகலாம், அது உண்மை. ஆனால் அதுவும் திருகினால் சரியாகிற கோளாறு இல்லை. ஆகவே ஒலி குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியவை வெளியில்தான் இருக்கின்றன: ஆன்டெனா, கேபிள், பிளக், பவர் சப்ளையின் வோல்டேஜ். அப்புறம் உள்ளே டிரை சால்டர் (சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு), உப்பிய எலக்ட்ரோலிடிக் கண்டன்சர், துருப்பிடித்த ரிலே. இவ்வளவும் சரியாக இருந்தால்தான் கோரைப் பற்றிய பேச்சே வரும்.

சரி, உண்மையிலேயே ஐஎஃப்டியைத் திருக வேண்டிய நிலைமை என்றே வைத்துக்கொள்வோம். கையில் எதை எடுக்கிறீர்கள்? பெரும்பாலானோர் எடுப்பது வாட்ச் ரிப்பேர் ஸ்க்ரூடிரைவர். உள்ளே இருக்கும் ஃபெரைட் கோர் சாக்பீஸ் மாதிரி உடையக்கூடியது. பல வருடம் மெழுகு இறுகி உட்கார்ந்திருக்கும் கோரில் இரும்பு முனையை வைத்து அழுத்தினால், மேலே உள்ள காடி இரண்டாகப் பிளந்து சுவரில் ஆப்பு போல இறுகிவிடும். அப்புறம் மேலேயும் வராது, கீழேயும் போகாது. உடையாமல் தப்பினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. இரும்பு முனை காயிலுக்குள் இருக்கும்போது காயிலின் இண்டக்டன்ஸே மாறிவிடுகிறது. ஒலி உச்சத்துக்கு வந்துவிட்டது என்று ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுப்பீர்கள், ஒலி இறங்கிவிடும். மறுபடி உள்ளே விட்டால் மறுபடி ஏறும். இப்படியே அரைமணி நேரம் சுற்றியவர்களை எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் டியூனிங் டூல் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கிறது. அன்றைக்குக் கிடைக்கவில்லை என்றால், வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் பின்னல் ஊசி ஒன்றின் முனையை காடிக்குப் பொருந்துமாறு அரம் போட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள். மெழுகு இருந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டிவிட்டுத் திருகுங்கள்.

திருகும் முன் மொபைலில் ஒரு போட்டோ. அப்புறம் கோரின் தலையிலும் கேனின் விளிம்பிலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு. கால் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம். உச்சம் தெரியவில்லையா, கோட்டுக்கே திரும்பிவிடுங்கள். கோளாறு அங்கே இல்லை என்று அர்த்தம். ஒன்றை முடித்து எழுதிவைக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது.

சென்னையில் இருப்பவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு தவறு இதோடு சேர்ந்தது. மீடியம் வேவில் 720 கிலோஹெர்ட்ஸில் உள்ளூர் வானொலி பலமாக வருகிறதே, அதை வைத்தே உச்சம் பார்க்கலாம் என்று நினைப்பார்கள். அவ்வளவு பலமான சிக்னல் உள்ளே வரும்போது, ஒலியைத் தானாகச் சமன்செய்யும் ஏஜிசி சர்க்யூட் இறங்கி வேலை செய்து, ஏற்றத்தை அமுக்கிவிடும். கோர் சரியான இடத்தில் இருந்தாலும் தள்ளி இருந்தாலும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். உச்சம் பார்க்கப் பலவீனமான சிக்னல்தான் வேண்டும். சிக்னல் ஜெனரேட்டர் இருந்தால் 455 கிலோஹெர்ட்ஸை, ஸ்பீக்கரில் அரைகுறையாகக் கேட்கிற அளவுக்குக் குறைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி நேரத்தில் தூரத்து நிலையம் ஒன்றைப் பிடித்து, ஆன்டெனாவாக ஒரு முழம் ஒயர் மட்டும் வைத்துப் பாருங்கள்.

டயலில் அலைவரிசை தள்ளிக் காட்டுகிறது என்று, அலைவரிசையைத் தீர்மானிக்கும் ஆசிலேட்டர் சர்க்யூட்டைத் தொடுபவர்கள், செட் ஆன் செய்த கையோடு தொட்டுவிடுகிறார்கள். அரைமணி நேரமாவது சூடேறட்டும். செட்டை எந்த அறையில் வைத்துக் கேட்கிறீர்களோ அதே அறையில் சரிபாருங்கள். ஏசி அறையில் திருத்திவிட்டு, வெயிலில் காயும் மாடி அறைக்குக் கொண்டுபோனால் மறுபடி தள்ளித்தான் நிற்கும்.

இனி டிரான்ஸ்மிட்டர் பக்கம். நம் ஊரில் முதல் செட்டைத் தானே செய்பவர்கள் பலர் ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வழியாகத்தான் வருகிறார்கள். எங்கும் கிடைக்கிற பாகங்களை வைத்து எஸ்எஸ்பி (ஹாம்கள் குரலில் பேசப் பயன்படுத்தும் முறை) செட் ஒன்றைச் செய்ய முடியும் என்று அது காட்டியது பெரிய விஷயம். பிட்எக்ஸ்40-இல் கடைசிக் கட்டத்தில் இருப்பது ஐஆர்எஃப்510 என்ற ஒரே ஒரு மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்). மைக்ரோபிட்எக்ஸில் அதே மாஸ்ஃபெட் இரண்டு. இந்த ஐஆர்எஃப்510-ஐ எரிக்க ஒரு வினாடி போதும், அது எரிவது பெரும்பாலும் பயாஸ் பிரிசெட்டை (மாஸ்ஃபெட்டின் கேட் வோல்டேஜை வைக்கும் சின்னத் திருகை) சுற்றும்போதுதான்.

கேட் எனப்படும், மாஸ்ஃபெட்டைக் கட்டுப்படுத்தும் காலுக்கு இரண்டு வோல்ட் முதல் நான்கு வோல்ட் வரை எங்கோ ஓர் இடத்தில்தான் மாஸ்ஃபெட் கடத்த ஆரம்பிக்கும். அதுவரை பிரிசெட்டைச் சுற்றினாலும் மீட்டரில் அசைவே இருக்காது. 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இன்னும் கொஞ்சம் சுற்றுவோம். ஆரம்பித்த பிறகு ஊசி முனை அளவு திருப்பினாலே கரண்ட் எங்கோ போய்விடும். பிரிசெட் எந்தப் பக்கம் சுற்றினால் குறையும் என்பதை நினைவை நம்பிச் செய்யாதீர்கள். டிரெயினுக்கு (சப்ளை வந்துசேரும் காலுக்கு) போகும் 12 வோல்ட் இணைப்பைக் கழற்றிவிட்டு, பிடிடி (பேச அழுத்தும் பட்டன்) அழுத்தி, கேட்டில் மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜ் மிகக் குறைவாக வரும் முனைக்குப் பிரிசெட்டைக் கொண்டுவந்து வையுங்கள். பிறகு டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டரை) மாட்டி, அந்த 12 வோல்ட் இணைப்பில் ஆம்பியர் மீட்டரும் ஒரு கார் பிரேக் லைட் பல்பும் தொடராக வையுங்கள். ஏதாவது தவறினால் பல்பு எரியும், மாஸ்ஃபெட் பிழைக்கும். மெதுவாக ஏற்றி 100 மில்லி ஆம்பியர் அருகே நிறுத்துங்கள். அந்த நேரத்தில் மைக்கை கழற்றி வைத்திருக்க வேண்டும். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால்கூட மைக் அதைப் பிடித்து கரண்ட் குதிக்கும், நாம் பயாஸ் ஏறிவிட்டது என்று குறைத்துவிடுவோம்.

நிறுத்தியதோடு முடியவில்லை. சூடேறச் சூடேற அதே கேட் வோல்டேஜில் இன்னும் அதிக கரண்ட் ஓடும். அது இன்னும் சூட்டைக் கூட்டும். காலையில் குளிர்ந்த வேளையில் சரியாக வைத்த பயாஸ் மே மாத மதியத்தில் ஓடிப்போய்விடலாம். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். ஹீட்சிங்க் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஐஆர்எஃப்510-இன் உலோக முதுகு டிரெயினோடு இணைந்தது என்பதையும் மறக்கக்கூடாது. மைக்கா தாளும் திருகுக்கான பிளாஸ்டிக் வாஷரும் இல்லாமல் பெட்டியோடு முறுக்கினால் 12 வோல்ட் நேராக கிரவுண்டுக்குப் போய்விடும். முறுக்கிய பின் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து முதுகுக்கும் பெட்டிக்கும் இடையே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சப்ளை கொடுக்க வேண்டும்.

டம்மி லோட் என்று சொன்னேன் அல்லவா. அது இல்லாமல் டிரான்ஸ்மிட்டரைத் திறக்கவே கூடாது என்பது என் கருத்து. வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் இருபதை இணையாகப் பற்றவைத்தால் 50 ஓம், 40 வாட் தாங்கும். கார்பன் ஃபிலிம் அல்லது மெட்டல் ஆக்சைடு வகையாகக் கேட்டு வாங்குங்கள். வெள்ளைப் பீங்கான் பெட்டி மாதிரி வருகிற ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஆகாது. உள்ளே இருப்பது காயில்தான், மல்டிமீட்டர் 50 ஓம் என்று காட்டினாலும் 7 மெகாஹெர்ட்ஸில் அது வேறு ஏதோவாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் பெரும்பாலும் மூடியிருக்கும். நமக்கு ஓய்வு கிடைப்பதும் ஞாயிறுதான். கையில் இருப்பதைப் போட்டு ஒப்பேற்றலாம் என்று தோன்றுவதும் அன்றைக்குத்தான். திங்கட்கிழமை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கிய செட்டைத் திறப்பவர்களுக்கு வருகிற ஆசை வேறு. பவர் பிரிசெட்டை ஏற்றி, பவர் எல்லை மீறாமல் தடுக்கும் ஏஎல்சியைத் தளர்த்தி, 100 வாட் செட்டை 120 வாட் ஆக்கிவிட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபல்கூட இல்லை. சிக்னலின் பலம் காட்டும் எஸ் மீட்டரில் ஓர் அலகு ஏற 6 டெசிபல் வேண்டும், அதாவது நான்கு மடங்கு பவர். எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் உழைப்பு காதில் விழவே விழாது. அவருக்கு விழாவிட்டாலும், பக்கத்து அலைவரிசையில் இருப்பவருக்கு விழும். ஏஎல்சி தளர்ந்தால் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்க வேண்டிய குரல் இரண்டு பக்கமும் சிதறும். 40 மீட்டர் பேண்டில் நமக்கு இருப்பது 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரைதான். ஹாம்கள் பலர் கூடிப் பேசும் சாயங்கால நெட் நேரத்தில் அந்த இடம் எவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாடுபடுவதற்குப் பதில், 20 மீட்டர் நீள டைபோல் ஆன்டெனாவை அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இன்னும் இரண்டு மீட்டர் உயர்த்தச் செயலாளரிடம் அனுமதி கேளுங்கள். அந்த முயற்சிக்குப் பலன் உண்டு.

பவர் ஏற்றுகிறேன் என்று, மேல் அலைவரிசைகளைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டரை நீக்குபவர்களும் இருக்கிறார்கள். 7 மெகாஹெர்ட்ஸில் பேசினால் 14-இலும் 21-இலும் உங்கள் குரலின் கிறுக்கல் போய்ச்சேரும். கையடக்கச் செட்டுகளில் ஒரு டையோடை எடுத்துவிட்டு, ஹாம் அலைவரிசைக்கு வெளியேயும் டிரான்ஸ்மிட் ஆகும்படி திறந்துவிடுகிற வேலையையும் செய்யவே செய்யாதீர்கள். நம் உரிமம் 2 மீட்டர் பேண்டில் தருவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. 118 முதல் 137 வரை மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் பேசும் இடம். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் 156.8-இல் காது வைத்திருக்கும். தவறுதலாக ஒரு முறை பிடிடி அழுத்தினாலே அது சட்டப்படி குற்றம், உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

வால்வு ரேடியோவைத் திறப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தாத்தா காலத்து ஏசி/டிசி செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மெயின்ஸின் ஒரு முனை நேராகச் சேஸிஸில் (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டத்தில்) சேர்ந்திருக்கும். இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுவதும் 230 வோல்ட். மரப்பெட்டிக்குள் இருந்தவரை ஆபத்தில்லை. நாம் வெளியே எடுத்து மேஜையில் வைத்ததும்தான் ஆபத்து ஆரம்பம். செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள், ஹெட்ஃபோன் ஜாக் பொருத்துகிற வேலையெல்லாம் நினைக்கவே வேண்டாம். பல வருடம் பரணில் கிடந்த செட்டை நேராகச் செருகுவதும் தவறு. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கிற சீரிஸ் போர்டில் 60 வாட் குண்டு பல்போடு சேர்த்து ஆன் செய்யுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் 'டப்' என்று ஷார்ட் செய்கிற பழக்கத்தை விட்டுவிட்டு, 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பிளாஸ்டிக் குழாயில் செருகி வைத்துக்கொண்டு அதனால் இறக்குங்கள். மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் விரல் உள்ளே போக வேண்டும்.

புதிய செட்டுகளில் திருகாணிக்குப் பதில் மெனு. யாசு எஃப்டி-817 போன்றவற்றில் சில பட்டன்களை அழுத்தியபடி ஆன் செய்தால் அலைன்மென்ட் மெனு திறந்துகொள்ளும். அந்த எண்கள் ஒவ்வொரு செட்டுக்கும் தனித்தனி. இன்னொருவர் செட்டின் எண் உங்களுக்கு உதவாது. ஒன்றைக்கூட மாற்றும் முன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிடுங்கள். ஐகாம் ஐசி-751, ஆர்71 போன்ற 1980-களின் செட்டுகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. செட் இயங்குவதற்கான புரோகிராமே ஒரு லித்தியம் பேட்டரியின் தயவில் ராம் (RAM) நினைவகத்தில் இருக்கும். பேட்டரி பழசாகிவிட்டதே என்று வெட்டி எடுத்தால் செட் அந்த நிமிடமே ஊமையாகிவிடும். புது பேட்டரியை வெளியிலிருந்து இணையாகக் கொடுத்துக்கொண்டு, எர்த் இணைப்பிலிருந்து பிரித்த அயர்னால் மாற்றத் தெரிந்தவர் கையில்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

எல்லாம் முடித்து மூடிய பிறகு, முதலில் டம்மி லோடில் பேசி அதே அறையில் இன்னொரு ரிசீவரில் உங்கள் குரலைக் கேளுங்கள். அப்புறம் ஆன்டெனாவுக்கு மாற்றி, தாம்பரத்திலோ அம்பத்தூரிலோ இருக்கும் ஒரு ஓஎம்மை அழையுங்கள். "சிக்னல் எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லோரும் "அருமை" என்றுதான் சொல்வார்கள். "டயலை மூணு கிலோஹெர்ட்ஸ் மேலேயும் கீழேயும் நகர்த்திப் பாருங்க, அங்கே என் குரல் கேக்குதா?" என்று கேளுங்கள். கேட்கிறது என்றால் மூடியை மறுபடி கழற்ற வேண்டியதுதான்.