எங்கே நிறுத்தலாம் என்று பார்த்து கேம் எடுங்கள்

எனக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் கேம் விளையாடக் கிடைக்கிறது, சில வாரம் அதுவும் கிடையாது. இந்த நாலு மணி நேரத்தை வைத்துக்கொண்டே பல வருஷமாக நிறைய கேம்களை விளையாடி, ரசித்து, முடித்தும் இருக்கிறேன். "இப்பல்லாம் கேம் விளையாட எங்க நேரம் இருக்கு" என்று யாராவது சொன்னால் நான் உடனே கேட்பது, கடைசியாக என்ன கேம் எடுத்தீர்கள் என்பதுதான். பாதிப் பேர் சொல்வது ஏதோ ஒரு பிரம்மாண்டமான ஓப்பன் வேர்ல்டு கேமாக, அதாவது பெரிய உலகத்தில் இஷ்டம்போல் சுற்றித் திரிகிற கேமாக இருக்கும். தி விட்சர் 3 மாதிரி ஒரு கேமில் முக்கியக் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு போனாலே சுமார் 50 மணி நேரம் ஆகும், வாரத்துக்கு நாலு மணி நேரம் என்றால் மூன்று மாதம். மூன்றாவது வாரத்தில் ஒரு கல்யாணமோ காய்ச்சலோ குறுக்கே வந்தால் போச்சு, கதையும் மறந்துவிடும், எந்த பட்டன் எதற்கு என்பதும் மறந்துவிடும். அதற்காக அந்த மாதிரி கேமை எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எப்படி எடுப்பது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் தேர்வு. கிராஃபிக்ஸ், கதை, ரேட்டிங் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: நடுவில் எழுந்து போக வேண்டி வந்தால் இந்த கேமை எங்கே நிறுத்தலாம்? ட்ரெய்லரில் இதைக் காட்டமாட்டார்கள், விமர்சனங்களிலும் அதிகம் எழுதமாட்டார்கள். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு கேம் ஒத்துவருமா வராதா என்பதை முடிவு செய்வதே இதுதான்.

ஸ்டார்டியூ வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் வந்தது, எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உட்கார்ந்து உருவாக்கிய விவசாய கேம். அதில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் சுமார் 14 நிமிடம். காலை ஆறு மணிக்கு எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றி, மீன் பிடித்து, ஊருக்குள் நாலு பேரிடம் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து படுத்தால்தான் சேவ் ஆகும். நடுவில் கேமை மூடினால் அன்றைய வேலை மொத்தமும் போய்விடும். கேட்க கறாராக இருக்கிறது இல்லையா, ஆனால் எனக்கு அது மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அரை மணி நேரம் கையில் இருந்தால் இரண்டு நாள் விளையாடலாம் என்று கணக்கு போட்டுவிடலாம். ஒரே ஆபத்து, படுத்து எழுந்ததும் அடுத்த நாள் காலை தானாக விடிந்துவிடும், முளைத்து நிற்கிற செடியைப் பார்த்ததும் இன்னும் ஒரே ஒரு நாள் என்று கை போகும். அதற்கு நான் கண்டுபிடித்த வழி: படுக்கைக்குப் போவதற்கு முன்பே இதுதான் கடைசி என்று முடிவு பண்ணிவிடுவது, விடிந்ததும் எதையும் தொடாமல் நேராக மெனுவுக்குப் போய் வெளியேறுவது. செடியைப் பார்த்த பிறகு முடிவெடுக்க உட்கார்ந்தால் நடக்காது.

இன்னொன்று அவுட்டர் வைல்ட்ஸ், 2019. ஒரு சின்ன சூரிய மண்டலத்தைச் சுற்றித் திரிகிற கேம், 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். நீங்கள் கண்டுபிடித்த விஷயங்கள் மட்டும் கப்பலில் இருக்கிற குறிப்பேட்டில் அப்படியே இருக்கும், எந்த இடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது பாக்கி இருக்கிறது என்றுகூட அதுவே சொல்லும். ஒரு சுற்று முடிந்ததும் எழுந்து போய்விடலாம், ஒரு வாரம் கழித்து வந்தாலும் குறிப்பேட்டைத் திறந்தால் விட்ட இடம் தெரிந்துவிடும். கொஞ்ச நேரம்தான் கிடைக்கும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல அமைப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஸ்லே தி ஸ்பயர், பலாட்ரோ மாதிரி சீட்டு வைத்து ஆடுகிற கேம்களில் கடிகாரமே கிடையாது. உங்கள் முறை வரும்போது எழுந்து போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் அது அப்படியே காத்திருக்கும். குழந்தை எப்போது எழும் என்று தெரியாத வீட்டுக்கு இவைதான் சரி. காரை வைத்து கால்பந்து ஆடுகிற ராக்கெட் லீக்கில் ஒரு மேட்ச் 5 நிமிடம், கோல் சமமாக இருந்தால் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். அணி அணியாக ஆன்லைனில் மோதுகிற டோட்டா 2 வேறு மாதிரி: ஒரு மேட்ச் 40 நிமிடம் வரை சர்வசாதாரணமாகப் போகும், நடுவில் விட்டுப்போனால் கூட இருக்கும் நாலு பேரின் ஆட்டமும் கெடும், உங்களுக்குத் தண்டனையும் உண்டு. அருமையான கேம்தான், ஆனால் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த நாளில் மட்டும் தொடுங்கள்.

எல்டன் ரிங் மாதிரி கேம்களில் ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்கிற வழக்கமான பாஸ் (pause) பட்டனே கிடையாது என்று பலர் பயப்படுகிறார்கள். மெனுவில் போய் கேமை விட்டு வெளியேறினால் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்பத் தொடங்கலாம், அதனால் நினைக்கிற அளவுக்கு மோசம் இல்லை. அப்புறம் ஸ்விட்ச், ஸ்டீம் டெக் போன்ற கையடக்கக் கருவி இருந்தால் பவர் பட்டனை ஒரு தட்டு தட்டினால் கேம் அப்படியே உறங்கிவிடும், திரும்பத் தட்டினால் அதே நொடியிலிருந்து தொடரும். நாலு மணி நேரக்காரர்களுக்கு இது பெரிய வரம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், உறங்க வைப்பது வேறு, சேவ் செய்வது வேறு. சார்ஜ் முழுக்கத் தீர்ந்து அணைந்துவிட்டால் கடைசியாக எங்கே சேவ் ஆனதோ அங்கேதான் போய் நிற்பீர்கள்.

சரி, கேம் எடுத்தாயிற்று. முதல் அரை மணி நேரத்தை செட்டிங்ஸுக்குக் கொடுங்கள். விளையாட வந்த நேரத்தில் இது என்ன என்று தோன்றும், ஆனால் அடுத்த முப்பது மணி நேரமும் இதனால் சுகமாகப் போகும். டிவியில் விளையாடுகிறீர்கள் என்றால் டிவியின் மெனுவில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், முதலில் அதைப் போடுங்கள். படத்தை அழகாக்குவதற்காக டிவி செய்கிற வேலைகளால் நீங்கள் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே ஒரு தாமதம் வரும், கேம் மோடில் அந்த வேலைகள் பெரும்பாலும் நின்றுவிடும். எனக்கு ரிஃப்ளெக்ஸ் போதாது, வயசாகிவிட்டது என்று சொல்கிற சிலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே வித்தியாசம் தெரியும். மோஷன் ப்ளர் (வேகமாக அசையும்போது படம் மங்குவது), கேமரா குலுக்கல் இரண்டையும் அணைத்துவிடுங்கள். முதல் நபர் பார்வையில் ஓடுகிற கேமில் தலை சுற்றினால் ஃபீல்ட் ஆஃப் வியூ என்ற அளவை, அதாவது பக்கவாட்டில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், பலருக்கு அது போதும். சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்குங்கள், வீட்டில் மற்றவர்கள் தூங்கும்போது சத்தத்தைக் குறைத்து விளையாட அதுதான் துணை.

டிஃபிகல்ட்டி பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: ஈஸியில் விளையாடுவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. ஒரே பாஸிடம் (boss, கேமில் வரும் பெரிய எதிரி) நாற்பது தடவை செத்து, நாற்பத்தோராவது தடவை ஜெயிக்கிற சந்தோஷம் உண்மையானதுதான், நானும் அனுபவித்திருக்கிறேன். ஆனால் அந்த நாற்பது தடவைக்கு எனக்கு இரண்டு வாரம் ஆகும், வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து உட்கார்ந்தவரின் இரண்டு வாரம். ஹேடீஸ் கேமில் காட் மோட் என்று ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் மரியாதை வந்த அமைப்பு அது. போட்டால் உங்கள்மேல் விழுகிற அடி 20 சதவீதம் குறையும், அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம், கடைசியில் 80 சதவீதம் வரை. அதாவது செத்தாலும் அது வீண் இல்லை, கேம் உங்களைப் பார்த்து ஒரு அடி இறங்கி வருகிறது. கதையில் ஒரு வரியும் குறையாது. செலஸ்டே, 2018-ல் வந்தது, விரல் வலிக்கும் அளவுக்குக் கடினமான கேம், அதிலும் அசிஸ்ட் மோட் உண்டு: வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், மலையில் பிடித்துத் தொங்கும் தெம்பு தீராமல் வைத்துக்கொள்ளலாம். ஆறாவது அத்தியாயத்தில் ஒரே ஒரு திரையில் சிக்கி இரண்டு இரவு போனது எனக்கு. மூன்றாவது இரவு வேகத்தை 80 சதவீதமாக்கினேன். சுவரில் பாய்ந்து, காற்றில் திரும்பி, முள்ளுக்கு மேலே ஒரு நொடி தொங்கி, அந்தப் பக்கம் கால் வைத்த அந்தச் சமயத்தில் எழுந்து நின்றுவிட்டேன். வேகத்தைக் குறைத்தது அந்த மகிழ்ச்சியில் எதையும் எடுத்துவிடவில்லை.

மாட்டிக்கொண்டால் வாக்த்ரூ, அதாவது எப்படித் தாண்டுவது என்று வேறு யாராவது போட்டிருக்கிற வழிகாட்டி, பார்க்கலாமா? பார்க்கலாம். என் அளவு 20 நிமிடம், அதற்குள் வழி தெரியவில்லை என்றால் தேடிப் பார்த்துவிடுவேன். புதிரே உயிராக இருக்கிற கேம்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றில் விடையைப் பார்த்துவிட்டால் விளையாட மிச்சம் எதுவும் இருக்காது, அதனால் அங்கே மாட்டினால் மூடிவைத்துவிட்டுப் போய்த் தூங்குங்கள்.

இப்போது பெரிய கேம்களுக்கு வருகிறேன். இடைவெளி விட்டுத் திரும்பி வருவதுதான் உண்மையான சிரமம். கேம் சேவ் ஆகியிருக்கும், உங்கள் தலைக்குள் இருந்த திட்டம் சேவ் ஆகியிருக்காது. இதற்கு நான் செய்வது ரொம்பச் சாதாரணம், கன்ட்ரோலர் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும். ஹாலோ நைட் விளையாடியபோது எழுதிய ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "கிரீன்பாத். ஹார்னெட்டை ஜெயிச்சாச்சு. பாய்கிற சக்தி வந்திருக்கு, முன்னாடி தாண்ட முடியாத பள்ளங்களுக்குத் திரும்பப் போகணும். பெஞ்சில் உட்கார்ந்து நிறுத்தியிருக்கேன். பணம் கையில்தான் இருக்கு, சாகாம கடைக்குப் போ." கிரீன்பாத் அந்த கேமில் ஒரு இடம், ஹார்னெட் அங்கே வரும் எதிரி, பெஞ்சில் உட்கார்ந்தால் சேவ் ஆகும். அந்த கேமில் செத்தால் கையில் இருக்கும் பணம் செத்த இடத்திலேயே நிழலாக நிற்கும், அதை மீட்பதற்குள் இன்னொரு தடவை செத்தால் மொத்தமும் போய்விடும். மூன்று வாரம் கழித்து அந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் முதலில் கடைக்குப் போனேன், இல்லாவிட்டால் நேராகப் புது இடத்துக்குள் ஓடி இழந்திருப்பேன். எங்கே இருக்கிறேன், அடுத்து என்ன செய்ய நினைத்தேன், என்ன ஆபத்து. இந்த மூன்றும் நோட்டில் இருந்தால் போதும். சில கேம்கள் இதைத் தாமே செய்யும், தி விட்சர் 3 சேவ் லோட் ஆகும்போது இதுவரை நடந்த கதையை ஒரு குரலில் சொல்லும், அதைத் தாண்டிவிடாமல் கேளுங்கள்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்தால் முதல் பத்து நிமிடம் கதைக்குப் போகாதீர்கள். பழைய, சுலபமான இடத்துக்குப் போய் சின்ன எதிரிகளோடு சண்டை போடுங்கள், விரலுக்கு பட்டன்கள் ஞாபகம் வந்துவிடும். திரும்பி வந்த உடனேயே பாஸ் சண்டைக்குப் போய், தோற்று, எரிச்சலில் கேமையே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

பெரிய கேம்களுக்கு நடுவே சின்னதாக ஒன்றை முடியுங்கள். எ ஷார்ட் ஹைக் (2019) இரண்டு மணி நேரத்தில் முடியும், ஜர்னி (2012) கிட்டத்தட்ட அதே அளவு, ஃப்ளோரன்ஸ் (2018) போனில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பழசு என்றாலும் போர்ட்டல் (2007) நாலு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், இன்று புதிதாக விளையாடுபவருக்கும் துளிகூடப் பழசாகத் தெரியாது. ஒரு மாலையில் தொடங்கி அதே மாலையில் முடிவுரையின் பாட்டைக் கேட்கிற நிறைவு, மூன்று மாதக் கேமில் கிடைக்காது.

போனில் வரும் இலவச கேம்களில் ஒரு வகையை மட்டும் ஒதுக்குங்கள் என்று சொல்வேன்: தினமும் வந்தால்தான் பரிசு என்கிறவை. ஒன்றை எட்டு மாதம் விடாமல் ஆடினேன். ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருக்கும்போதும் ராத்திரி பதினொன்றரைக்குக் கஷ்டப்பட்டு எழுந்து போனைத் தேடினேன், அன்றைய பரிசு போய்விடுமே என்று. கையில் எடுத்த பிறகு உறைத்தது, எட்டு மாதத்தில் அந்த கேமில் எனக்குப் பிடித்த ஒரு இடம், ஒரு ஆட்டம், ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. அன்றே நீக்கினேன்.

பிடிக்கவில்லை என்றால் விடுவதும் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம்தான். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் வாங்கினால் அந்த வாரமே ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அடுக்கி வைக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் கையில் எடுக்கவே அலுப்பாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "பத்து மணி நேரம் போனால் நல்லா இருக்கும்" என்று யார் சொன்னாலும், அந்தப் பத்து மணி நேரம் உங்களுக்கு இரண்டரை வாரம்.

கடைசியாக, நிறுத்துகிற நேரம். பத்து மணிக்கு நிறுத்த வேண்டும் என்றால் ஒன்பதே முக்காலுக்கே புதிதாக எதையும் தொடங்காதீர்கள், பாஸ் அறையின் கதவுவரை போனாலும் உள்ளே போகாதீர்கள். பக்கத்தில் இருக்கும் சேவ் இடத்துக்கு வந்து, நோட்டை எடுத்து இரண்டு வரி எழுதிவிட்டு அணையுங்கள். நேற்று நான் எழுதியது: "கதவுக்கு வெளியே இருக்கேன். மருந்து மூன்று இருக்கு. உள்ளே எதுவோ பாடிக்கிட்டு இருக்கு, சனிக்கிழமை பார்க்கலாம்."