சுவர் ஒரு முழம், மாதிரியில் ஒன்பது அங்குலம்: ரோபோவை நம்பிக் கட்டடம் அளப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் பழைய ஓட்டு வீடொன்றைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. கையில் ஏந்தி நடக்கும், லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் ஸ்கேனரால் அறை அறையாக உள்ளே அளந்தோம். அன்று பின்னேரமே மென்பொருள் சுவர், கதவு, யன்னல் எல்லாவற்றையும் தானே இனங்கண்டு, பார்க்க அழகான முப்பரிமாண மாதிரியைத் தந்துவிட்டது. அதை வைத்துக் கூரை ஓட்டுக்குக் கணக்குக் கொடுத்தேன். ஓடு போதவில்லை. மேசன் ஐயா ஒன்றும் பேசாமல் என்னை யன்னலடிக்குக் கூட்டிப்போனார். யன்னல் படியில் முழங்கையை ஊன்றி விரல்களை நீட்டினார். விரல் நுனி வெளிச்சுவரின் விளிம்பில் போய் நின்றது. “தம்பி, சுவர் ஒரு முழம். உங்கள் கணினி எவ்வளவு சொல்கிறது?” என்றார். கணினி ஒன்பது அங்குலம் என்று சொல்லியிருந்தது.

தவறு என்னுடையதுதான். லேசருக்குச் சுவரின் முகம் மட்டும்தான் தெரியும், கனம் தெரியாது. வெளிப்புறத்தை நான் அளக்காமல் விட்டதால், மென்பொருள் வழக்கமான செங்கல் சுவரின் கனத்தைத் தானாகவே போட்டு நிரப்பிவிட்டது. இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பது அங்குலமாக, வீடு ஒன்றரை அடி ஒடுங்கிப்போனது. உள்ளும் வெளியும் இரண்டையும் அளக்க வேண்டும். இரண்டையும் கோர்ப்பது வாசல்கள். கதவுகளைத் திறந்து வைத்து, நிலையைக் கடக்கும்போது பக்கவாட்டில் மெதுவாக நடந்தால் ஸ்கேனருக்கு ஒரே நேரத்தில் இரு புறமும் தெரியும்.

நான்கு கால் ரோபோக்களைக் காணொளியில் பார்த்துவிட்டு, அவற்றைக் கட்டடத்துக்குள் அனுப்பினால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் பலர். பொஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்பொட்’ 2020இல் விற்பனைக்கு வந்தது. முதுகில் ஸ்கேனரைச் சுமந்து படியேறும். ஒரு முறை மின்னேற்றினால் சுமார் 90 நிமிடம் நடக்கும். மட்டக்களப்பில் அதை வாங்கி வேலை செய்யும் காலம் இன்னும் வரவில்லை. ஆனால் அதன் உள்ளே நடக்கும் கணக்குத்தான் நம் கை ஸ்கேனரிலும் நடக்கிறது. ‘ஸ்லாம்’ என்பார்கள். கருவி தான் நிற்கும் இடத்தையும் சுற்றுப்புறத்தின் வரைபடத்தையும் ஒரே நேரத்தில் கணிக்கும். ஒவ்வொரு பார்வையையும் முந்திய பார்வையின் மேல் பொருத்திக்கொண்டே போகும். ஒவ்வொரு பொருத்தலிலும் மயிரிழை பிசகும். நீண்ட பாடசாலை விறாந்தையை நினைத்துப் பாருங்கள்: ஒரே மாதிரியான தூண், ஒரே மாதிரியான கதவு. எந்தத் தூணைக் கடந்தோம் என்றே கருவிக்குக் குழம்பிவிடும். கடைசி வகுப்பறைக்குப் போய்ச் சேரும்போது விறாந்தை மெல்ல வளைந்திருக்கும். அதனால் ஒரு முனையில் தொடங்கி மறு முனையில் நிறுத்தவே கூடாது. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். வந்தால் கருவி பழைய இடத்தை அடையாளம் கண்டு, சேர்ந்த பிசகை வழி முழுவதற்கும் பகிர்ந்து திருத்திக்கொள்ளும். பெரிய கட்டடமானால் நில அளவையாளரைக் கொண்டு நாலைந்து புள்ளிகளை டோட்டல் ஸ்டேஷனில் (முக்காலியில் நிறுத்தித் தூரமும் கோணமும் துல்லியமாக அளக்கும் கருவி) அளந்து ஒப்பிடுவது நல்லது.

நில அளவையாளர் தரும் எண்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இடத்தைக் கிழக்கு, வடக்கு என இரண்டு எண்களால் குறிப்பது ஆள்கூற்று முறை. இலங்கையில் பழைய கண்டவளை முறையில் மூலப் புள்ளிக்கு இரண்டு திசையிலும் இட்ட தொடக்க எண் 200,000 மீற்றர். 1999ஆம் ஆண்டின் புதிய முறையில் அது 500,000. பழைய வரைபடத்து எண்ணைப் புதிய முறையில் போட்டால் கட்டடம் மேற்கே 300 கிலோமீற்றரும் தெற்கே 300 கிலோமீற்றரும் நகர்ந்து, காலிக்கு அப்பால் நடுக்கடலில் மிதக்கும். இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும். ஆகவே இது எனக்குப் பயமில்லாத பிழை.

கண்ணாடி அப்படியல்ல. நகைக்கடை ஒன்றை அளந்தபோது சுவரெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி. லேசர் தெறித்துப் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு கடையை வரைந்துவிட்டது. மாதிரியில் கடை பக்கத்துக் காணிக்குள் புகுந்திருந்தது. காணித் தகராறு உள்ள இடமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடியில் பழைய பத்திரிகைத் தாளை ஒட்டிவிட்டு அளந்தால் போதும். பளபளக்கும் தரை, தண்ணீர் இரண்டிலும் இதே தொல்லை உண்டு. வாவிக்கரையில் அளந்தால் நீருக்கு அடியில் தலைகீழாக ஒரு சுவர் முளைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு உண்மையில் கவலை தருவது. மாதிரி செய்யும் மென்பொருளின் செயற்கை நுண்ணறிவுக்கு நேர்கோட்டின் மேல் தீராத மோகம். லேசர் பட்ட ஒவ்வொரு இடமும் ஒரு புள்ளியாகப் பதியும், அவற்றின் கூட்டம்தான் புள்ளித்திரள். அந்தப் புள்ளிகள் கொஞ்சம் முன்னும் பின்னுமாக இருந்தால் ‘இது ஒரு தட்டைச் சுவர்’ என்று முடிவு செய்து இழுத்து நிமிர்த்திவிடும். புதுக் கட்டடத்துக்கு அது உதவி. மட்டக்களப்புக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, ஒல்லாந்தர் 1638இல் பிடித்தது. இத்தனை வயதான மதிலில் எங்கே சாய்ந்திருக்கிறது, எங்கே வயிறு தள்ளியிருக்கிறது என்பதுதான் பழுதுபார்ப்பவருக்குத் தேவை. அதையே அழித்துவிட்டு நேரான மதிலைக் கொடுத்தால் அது என்ன ஆவணம்? மாதிரியின் மேல் மூலப் புள்ளித்திரளை வைத்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளியை நிறத்தால் காட்டச் சொல்லுங்கள். பல மென்பொருட்களில் இந்த வசதி உண்டு. சிவந்து நிற்கும் இடங்களுக்குத் தூக்குக்குண்டோடு நேரில் போங்கள். நான் இப்போது ஒவ்வொரு மாதிரியிலும் ‘அளந்தது’, ‘ஊகித்தது’ என்று இரண்டு நிறம் இட்டுத்தான் கொடுக்கிறேன். வாடிக்கையாளர்களுக்கு இது பிடிப்பதில்லை. படம் அசிங்கமாக இருக்கிறதாம்.

ஐபோன் 12 புரோ முதலான கைப்பேசிகளில் லைடார் இருக்கிறது. ஆனால் அதன் எட்டம் சுமார் 5 மீற்றர்தான். கோயில் மண்டபத்தை அதில் அளக்கப் போனால் கூரை வராது. கூரையை மேலிருந்து அளக்க ட்ரோனை எழுப்புவதற்கு முன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பாருங்கள். நகரை ஒட்டியே விமான நிலையம் இருக்கிறது. மழைக்காலத்தில் வெளிவேலை வேண்டாம், துளிகளும் புள்ளிகளாக விழும்.

மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் புள்ளித்திரளை அழிப்பவர்கள் இருக்கிறார்கள். கோப்பு பெரிதாம். 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் இந்தக் கரையில் இடிந்த கட்டடங்களில் எத்தனைக்கு ஒழுங்கான வரைபடம் இருந்தது? ஊகம் கலக்காதது அந்தப் புள்ளித்திரள் ஒன்றுதான். நாளைக்கு நல்ல மென்பொருள் வந்தால் அதிலிருந்து புது மாதிரி செய்யலாம். என்னிடம் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று கல்லடியில் என் மேசையில். மற்றது பதுளையில், அக்கா வீட்டு அலுமாரியில், சேலைகளுக்கு அடியில்.