ரயிலுக்கும் கேமுக்கும் ஒரே ஹெட்போன்: முதல்முறை வாங்குபவர்களுக்கு

சென்னைக்குப் படிக்கப் போகும் என் தம்பிக்கு ஒரு ஹெட்போன் வேண்டியிருந்தது. ராமநாதபுரத்தில் ராத்திரி ரயில் ஏறினால் நிம்மதியாகத் தூங்க வேண்டும், விடுதியில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆட வேண்டும். முதலில் வாங்கியதில் கோட்டை விட்டோம். எங்களுக்கு வேண்டியது வெளிச்சத்தம் காதுக்குக் கேட்காமல் அமுக்கும் 'ஏஎன்சி'. பெட்டியிலோ 'ஈஎன்சி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "ஏஎன்சியும் இதுவும் ஒன்றுதான்" என்றார் கடைக்காரர். நம்பிக் காசைக் கொடுத்துவிட்டு கீழக்கரைக்கு வந்து சேர்ந்தோம்.

படி 1: பெட்டியைப் படியுங்கள்

ஈஎன்சி மைக்குக்கானது. நீங்கள் பேசும்போது பின்னால் கேட்கும் இரைச்சல் எதிர்முனைக்குப் போகாமல் குறைக்கும். உங்கள் காதுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. காதுக்கு வேண்டியது ஏஎன்சி.

படி 2: எந்தச் சத்தம் உங்களுக்குத் தொல்லை?

ஏஎன்சி ஹெட்போனில் உள்ள மைக் வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே எழுப்பும். மேட்டு மண்ணைத் தள்ளிப் பள்ளத்தை நிரப்பினால் தரை மட்டமாகுமே, அப்படி. அமர் போஸ் என்பவருக்கு 1978-இல் ஒரு விமானப் பயணத்தின்போது இந்த யோசனை வந்தது. அவருடைய நிறுவனம் 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆக, பிறந்ததே எஞ்சின் சத்தத்தோடு மல்லுக்கட்டத்தான். வள்ளத்து டீசல் எஞ்சின், ரயில் பெட்டி ஏசி, பஸ் உறுமல் என்று ஒரே சீராக வரும் கனத்த சத்தத்தை நன்றாக அமுக்கும். மீன் ஏலத்துக் கூச்சலையும் குழந்தை அழுகையையும் அந்த அளவுக்கு அமுக்காது. அவற்றைத் தடுப்பது பெரும்பாலும் காதை மூடும் பஞ்சுதான்.

இரண்டாவதாக வாங்கியதைத் தம்பி மாட்டிய நேரம், உம்மா மிக்ஸியைப் போட்டுவிட்டார். அந்தக் கிறீச்சுச் சத்தமும் ஏஎன்சிக்கு அவ்வளவாக அடங்காத ரகம். "காக்கா, இதுவும் வேலை செய்யல" என்றான் (அண்ணனை எங்கள் ஊரில் 'காக்கா' என்போம்). தலைக்கு மேலே சீராக இரைந்துகொண்டிருந்த ஃபேனின் சத்தம் காணாமல் போனதை அவன் கவனிக்கவே இல்லை.

நம் பக்கத்துக்கு இன்னொரு சிக்கல் காற்று. கச்சான் காற்று அடிக்கும்போது பாம்பன் பாலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், காற்று நேராக மைக்கில் மோதி காதுக்குள் 'புர்ர்' என்று இரையும். ஹெட்போனுக்கான செயலியில் காற்றுக்கென்று தனி அமைப்பு இருந்தால் நல்லது. இல்லையென்றால் அந்த நேரம் ஏஎன்சியை அணைத்துவிடுங்கள்.

படி 3: கேமுக்குத் தாமதத்தைப் பாருங்கள்

சாதாரண புளூடூத்தில் சத்தம் 150 முதல் 250 மில்லிவினாடி வரை பிந்தி வரலாம். 200 மில்லிவினாடி என்றால் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. வினாடிக்கு 60 ஃபிரேம் (படம்) ஓடும் கேமில் அதற்குள் 12 ஃபிரேம் ஓடிவிடும். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் ஆள் காலி. யூடியூபில் போட்டுப் பார்த்து "சரியாகத்தானே இருக்கிறது" என்று ஏமாறாதீர்கள். வீடியோ செயலிகள் படத்தையும் கொஞ்சம் நிறுத்திவைத்துச் சத்தத்தோடு சேர்த்துவிடும். கேமில் அது நடக்காது.

இன்னொன்று, புளூடூத்தில் மைக்கையும் சேர்த்துப் போட்டால் பல கருவிகளில் ஒலித்தரம் பழைய டெலிபோன் அளவுக்கு இறங்கிவிடும்.

இதற்கு வழி, 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு (கருவியில் குத்தும் சின்ன ரிசீவர்) வரும் ஹெட்போன், அல்லது 3.5 மி.மீ. வயர் குத்தும் வசதி. பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் பெட்டியில் சாதாரண புளூடூத் ஹெட்போன் நேரடியாகச் சேராது என்பதால், அதில் ஆடுபவர்களுக்கும் இந்த இரண்டில் ஒன்று வேண்டும். என் ஓட்டு வயருக்கு. விலை குறைவு, தாமதமும் இல்லை. ஆனால் வயர் குத்தியதும் சில மாடல்களில் மைக்கோ ஏஎன்சியோ நின்றுவிடும். கடையிலேயே கேளுங்கள்.

படி 4: கடையில் சோதியுங்கள்

பாட்டு போடாதீர்கள். ஏசியோ ஜெனரேட்டரோ ஓடும் இடத்தில் நின்று, ஏஎன்சியை மூன்று நான்கு முறை போட்டு அணையுங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும். அப்புறம் கேமின் பயிற்சிக் களத்தைத் திறந்து சுவரில் ஒரு குண்டு சுடுங்கள். துப்பாக்கி முனையில் நெருப்பு தெரிவதும் சத்தமும் ஒன்றாக வருகிறதா? கடைசியாகப் பத்து நிமிடம் கழற்றாமல் மாட்டியிருங்கள். கண்ணாடி அணிபவர்களுக்குக் காதோரம் வலித்தால் அந்த மாடல் வேண்டாம்.

படி 5: வேர்வையும் உப்பும்

ரெக்சின் பஞ்சு நம் புழுக்கத்தில் உரிந்துவிடும். மாற்றுப் பஞ்சு தனியாகக் கிடைக்கும் மாடலாக எடுங்கள். பெட்டியில் 'ஐபிஎக்ஸ்4' என்ற தர எண் இருந்தால் தண்ணீர்த் தெறிப்பைத் தாங்கும், அதை நம்பிக் கடற்கரையில் போட்டுவைக்க முடியாது. உப்புக் காற்றில் சார்ஜ் குத்தும் துளை பச்சை பிடிக்கும். வெளியே போய் வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து உறைக்குள் வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் கூடப் போடுங்கள், தம்பியின் உறைக்குள் இப்போது இரண்டு கிடக்கின்றன.