ரிச்சி ஃப்ளோ படிக்க வேண்டுமா? வட்டத்தில் தொடங்குங்கள்

ரிச்சி ஃப்ளோ என்பது ஒரு வெளியின் தூர அளவுகளை அந்தந்த இடத்து வளைவுக்கு ஏற்ப நேரத்தோடு மாற்றிக்கொண்டே போகும் சமன்பாடு. கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹாமில்டன் 1982-இல் வெளியிட்ட ரிச்சி ஃப்ளோ கட்டுரையை நேரே திறந்தால் டென்சர் (பல குறியீட்டெண்கள் கொண்ட அளவு) சூத்திரங்கள் மிரட்டும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு, ஏனென்றால் உள்ளே இருக்கும் எண்ணம் பிளஸ் டூ கால்குலஸ் தெரிந்தவருக்கே எட்டிவிடும்.

அதே எண்ணத்தின் எளிய வடிவம் கோடுகளில் இருக்கிறது. முதலில் தாளில் ஒரு வட்டம் போடுங்கள். விதி இதுதான்: கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் அந்த இடத்து வளைவு எவ்வளவோ அந்த வேகத்தில், கோட்டுக்குச் செங்குத்தாக உள்பக்கம் நகர வேண்டும். வட்டத்தின் வளைவு 1-ஐ ஆரத்தால் வகுத்தது, ஆகவே ஆரம் குறையும் வேகமும் அதேதான். இந்த வகைக்கெழுச் சமன்பாட்டை நீங்களே தீர்க்க வேண்டும், விடையைத் தேடிப் பார்க்கக் கூடாது. ஆரம் 2-இல் தொடங்கினால் 1 ஆவதற்கு 1.5 அலகு நேரம் பிடிக்கும். மிச்சம் முழுவதும் அடுத்த 0.5-இல் காலி. கடைசி நொடியில் வளைவு எல்லையில்லாமல் ஏறுகிறது. இப்படி வளைவு எல்லையில்லாமல் போகும் இடத்துக்கு சிங்குலாரிட்டி என்று பெயர். அதைப் புரிந்துகொள்வதுதான் இந்தத் துறையின் முக்கால்வாசி உழைப்பு.

அப்புறம் கணினி. நெளிந்த மூடிய கோடு ஒன்றைப் புள்ளிகளாக்கி, ஒவ்வொரு புள்ளியையும் அதன் இரு பக்கத்துப் புள்ளிகளின் நடுவை நோக்கி இழுங்கள். நேர இடைவெளி, புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்தில் பாதியைத் தாண்டினால் புள்ளி நடுவையும் தாண்டிக் குதிக்கும், கோடு ரம்பப் பல்லாகச் சிதறும். புள்ளிகள் நெருங்கும்போது மறுபடி சம தூரத்தில் வையுங்கள். சரிபார்க்க ஒரு வழி உண்டு: எந்த வடிவமானாலும் கோட்டுக்குள் அடங்கும் பரப்பளவு ஓர் அலகு நேரத்துக்கு 2 பை வீதம் குறைய வேண்டும். தன்னைத்தானே வெட்டாத எந்தக் கோடும் கடைசியில் வட்டமாகிச் சுருங்குவதைத் திரையில் பார்ப்பீர்கள். குவிந்த கோடுகளுக்கு இதை கணிதவியலாளர்கள் கேஜும் ஹாமில்டனும் 1986-இலும், மற்ற எல்லாவற்றுக்கும் கிரேசன் 1987-இலும் நிரூபித்தார்கள்.

கோளம், உருளை போன்ற மேற்பரப்புகளுக்கு வந்தால் கதை மாறும். இரு திசை வளைவுகளையும் கூட்டி அதை வேகமாக எடுங்கள். ஆரம் 1 உள்ள கோளம் 0.25 நேரத்தில் மறையும், ஆரம் 0.2 உள்ள நீண்ட உருளையோ 0.02-இலேயே போய்விடும். அதனால் இரு கோளங்களை மெல்லிய கழுத்து இணைத்தால் கழுத்துதான் முதலில் அறும். முப்பரிமாண ரிச்சி ஃப்ளோவிலும் இதே தலைவலி. கழுத்தை வெட்டி மூடி போட்டுத் தொடரும் ஹாமில்டனின் திட்டத்தை ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் 2002, 2003 கட்டுரைகளில் முடித்துக்காட்டியதால்தான் புவான்கரே கணிப்பு (எந்த வளையத்தையும் புள்ளியாகச் சுருக்க முடிகிற, எல்லையில்லாத மூடிய முப்பரிமாண வெளி கோளம்தான் என்பது) தீர்ந்தது.

இப்போது 1982 கட்டுரையைத் திறங்கள். முதல் வாசிப்பில் டென்சர் கணக்கைத் தாண்டிவிட்டு, உச்ச மதிப்புத் தத்துவம் (maximum principle: ஓர் அளவின் உச்ச, நீச மதிப்புகள் நேரத்தோடு எப்படி மாறும் என்பதைக் கட்டுப்படுத்தும் விதி) எங்கெல்லாம் வருகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். கூடவே முப்பரிமாணக் கோளத்துக்கு (நான்கு பரிமாண வெளியில் உள்ள கோளத்தின் மேற்பரப்பு) ரிச்சி ஃப்ளோவைக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆரத்தின் வர்க்கம் நேரத்தின் 4 மடங்காகக் குறைய வேண்டும்.