ஒரு மணி நேரத்துக்குள் மலைக் கொரில்லாக்களைப் படம் எடுப்பது எப்படி?

மலைக் கொரில்லாக்கள் உலகில் இரண்டு காட்டுப் பகுதிகளில் மட்டுமே வாழ்கின்றன. ஒன்று, உகாண்டாவின் தென்மேற்கில் உள்ள ப்விண்டிக் காடு. மற்றொன்று, ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய மூன்று நாட்டு எல்லைகளும் கூடும் விருங்கா எரிமலைத் தொடர். 2019 இறுதியில் வெளியான கணக்கெடுப்பின்படி அவற்றின் மொத்த எண்ணிக்கை 1,063 மட்டுமே. வெளிநாட்டுப் பயணி ஒருவர் அவற்றைக் காண்பதற்கான அனுமதிச் சீட்டு ருவாண்டாவில் 1,500 டாலர், உகாண்டாவில் 800 டாலர். ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பயணிகள் மட்டுமே, அதுவும் ஒரே ஒரு மணி நேரம், அருகிருந்து பார்க்கலாம். சேற்றிலும் சரிவிலும் பல மணி நேரம் நடந்து மூச்சு வாங்கும் நிலையில்தான் அந்த ஒரு மணி நேரம் தொடங்கும் என்பதால், கேமரா குறித்த முடிவுகள் அனைத்தையும் காட்டுக்குள் நுழைவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் பெரிய டெலிஃபோட்டோ லென்ஸ் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கொரில்லாக்கள் பத்து மீட்டர் அளவிலான தூரத்திலேயே இருக்கும். 400 மில்லிமீட்டர் லென்ஸில் முகமும் தோளும் மட்டுமே படச் சட்டத்துக்குள் அடங்கும். எஃப் 2.8 அளவுக்கு அகலத் திறந்து அதிக ஒளியை உள்ளே விடும் 70–200 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸே இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. ப்விண்டியில் புதர்களும் கொடிகளும் நெருங்கி வளர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். விருங்காவில் மூங்கில் காட்டைத் தாண்டிய இடங்களில் ஓரளவு திறந்த வெளி கிடைக்கும். எனவே ப்விண்டிக்குச் செல்பவருக்கு அகன்ற அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித் திறப்பு) இன்னும் முக்கியம். குடும்பம் முழுவதையும் அகலமாக எடுக்கக் கைபேசியே போதும். மழைத் தூறலில் லென்ஸ் மாற்றும் ஆபத்தும் அதனால் தவிர்க்கப்படும்.

இப்போது, இந்தப் படங்களில் பெரும்பாலானவை கெட்டுப்போகும் இடத்துக்கு வருவோம். கேமராவின் ஒளிமானி, தன் முன்னால் உள்ள காட்சியைச் சராசரிச் சாம்பல் நிறமாகவே கருதிக் கணக்கிடுகிறது. கரிய உடல் சட்டத்தை நிறைக்கும்போது காட்சி இருண்டிருப்பதாக எண்ணித் தேவைக்கு மேல் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கருமையான ரோமம் வெளிறிப்போகும், முதிர்ந்த ஆண் கொரில்லாவின் வெள்ளி நிற முதுகு விவரமே இல்லாத வெள்ளைத் திட்டாகிவிடும். இதைத் தவிர்க்க எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, மூன்றில் இரண்டு ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்துக்கொள்ள வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). ஆனால் கிளையில் ஏறியமர்ந்த குட்டிக்குப் பின்னால் வானம் தெரிந்தால் கணக்கு தலைகீழாகும். அப்போது ஒரு ஸ்டாப்புக்கு மேல் கூட்டினால்தான் முகம் தெரியும். பயணத்துக்கு முன் ஒரு கறுப்பு நாயை மர நிழலில் பல எக்ஸ்போஷர் அளவுகளில் படம் எடுத்துப் பழகுங்கள்; இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை. இலைகளின் பச்சை ரோமத்திலும் முகத்திலும் படிவதால் நிறத்தைப் பின்னர் திருத்த நேரும். எனவே கேமரா பதிவுசெய்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுங்கள். வெயில் சுள்ளென்று அடித்தால் இலைகளின் ஊடே விழும் ஒளிப் புள்ளிகள் முகத்தைச் சிதறடிக்கும். மேகம் மூடிய நாளே படத்துக்கு நல்ல நாள்.

ஓய்வெடுக்கும் கொரில்லாவுக்கு 1/250 நொடி ஷட்டர் வேகம் போதும். உருண்டு விளையாடும் குட்டிகளுக்கு 1/500, மார்பில் அறையும் கைகளுக்கு 1/1000 தேவைப்படும். இதற்காக, கேமராவின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 3200, 6400 என்று உயர்த்தத் தயங்க வேண்டாம். படத்தில் தோன்றும் புள்ளிகளை மென்பொருளால் குறைத்துவிடலாம், அசைவால் மங்கிய கண்ணை மீட்க வழியில்லை. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இலையை ஆட்டோஃபோகஸ் பிடித்துக்கொள்ளாதிருக்க ஒற்றை ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்து கண்ணின் மேல் வையுங்கள். கொரில்லாவின் கண்கள் புருவ மேட்டுக்குக் கீழே ஆழத்தில் இருப்பவை. அது தலையை நிமிர்த்தும் நொடியில்தான் அவற்றில் ஒளி விழும். அந்த நொடிக்குக் காத்திருப்பவருடைய படத்தில்தான் கண்கள் உயிரோடு இருக்கும்.

கொரில்லாக்கள் இருக்கும் இடம் நெருங்கியதும் பைகளையும் கைத்தடிகளையும் சுமைதூக்கிகளிடம் விட்டுவிட்டுச் செல்லச் சொல்வார்கள். எனவே மாற்று பேட்டரி, நினைவக அட்டை, லென்ஸ் துடைக்கும் துணி ஆகியவை சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். உடல் வலுவுள்ளவர்களும் சுமைதூக்கி ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது. கைகள் ஓய்ந்திருந்தால் கேமரா ஆடாது, காட்டையொட்டி வாழும் குடும்பத்துக்கும் வருமானம் கிடைக்கும். முட்செடிகளைப் பிடிக்கக் கையுறையும், கேமராவுக்கு மழை உறையும் வறண்ட மாதங்களிலும் தேவை.

முற்பகலில் வயிறு நிறைந்த குடும்பம் ஓரிடத்தில் படுத்து ஓய்வெடுக்கும். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் ரோமம் கோதிவிட, குட்டிகள் அவர்கள்மேல் ஏறிக் குதிக்கும். உங்கள் ஒரு மணி நேரம் இந்த ஓய்வில் அமைந்தால் அது பெரும் பேறு. முதல் சில நிமிடங்கள் யார் எங்கே இருக்கிறார்கள், ஒளி எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். பிறகு தாழ்ந்து அமர்ந்து அவற்றின் கண்மட்டத்தில் எடுங்கள். நின்றபடி கீழ்நோக்கி எடுத்த படத்தில் அந்தப் பெருமிதமான விலங்கு சிறுத்துத் தெரியும். முகத்தோடு நின்றுவிடாமல் கைவிரல்களையும், தாயின் ரோமத்தைப் பற்றியிருக்கும் குட்டியின் பிடியையும், மூக்கையும் எடுங்கள். ஒவ்வொரு கொரில்லாவின் மூக்கு மடிப்பும் தனித்தன்மை உடையது. அதைக் கொண்டுதான் ஆய்வாளர்களும் காவலர்களும் அவற்றை அடையாளம் காண்கிறார்கள்.

ஃப்ளாஷ் முற்றிலும் தடை செய்யப்பட்டது. ஃபோகஸுக்கு உதவும் சிறு விளக்கையும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். மனிதரின் சுவாச நோய்கள் கொரில்லாக்களைக் கொல்லக்கூடியவை என்பதால் முகக்கவசத்தை அணிய வேண்டும். அதன் மேல் விளிம்பை மூக்கோடு அழுத்திப் பொருத்தினால் வியூஃபைண்டரில் ஆவி படியாது. சளி, காய்ச்சல் இருந்தால், எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும், அன்று செல்லவே கூடாது. கொரில்லா தானாக நெருங்கி வந்தால் மெதுவாகப் பின்வாங்குங்கள். இருமல் போன்ற உறுமல் கேட்டால் அது எச்சரிக்கை. ஆண் கொரில்லா பாய்வது போல் வந்தால் ஓடாமல் குனிந்து, கேமராவைத் தாழ்த்தி, பார்வையை விலக்கிக்கொண்டு, வழிகாட்டி சொல்வதை மட்டுமே செய்ய வேண்டும். படம் மறைகிறது என்பதற்காக இன்னும் செடிகளை வெட்டச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள்; இலைகளின் இடையே தெரியும் முகமும் அந்தக் காட்டின் உண்மையான படமே.

விடுதிக்குத் திரும்பியதும் நனைந்த கேமராவைப் பைக்குள் மூடிவைக்காமல் காற்றாட விட்டு, அன்றிரவே படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவெளியில் பகிரத் தேர்ந்தெடுக்கும்போது, மனிதரும் கொரில்லாவும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் படங்களை விட்டுவிடுங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு வரும் அடுத்த பயணி, அதே நெருக்கத்தைத்தான் வழிகாட்டியிடம் கேட்பார்.