சுண்டல் இருக்கட்டும், பிரஷர் மாத்திரையும் இருக்கட்டும்

கொண்டைக்கடலை, காராமணி, எள், ஆளிவிதை ஆகியவற்றின் புரதத்தை நொதிகள் வெட்டும்போது பெப்டைடுகள் கிடைக்கின்றன. சில அமினோ அமிலங்கள் மட்டும் கோத்த குட்டிச் சங்கிலிகள் அவை. அவற்றில் சில, ஏ.சி.இ. என்ற நொதியை ஆய்வுக்குழாயில் தடுக்கின்றன. ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் 2 உருவாவது இந்த நொதியால்தான். பிரஷருக்குத் தரும் எனலாப்ரில் மாத்திரையும் இதே நொதியைத்தான் தடுக்கிறது.

“அப்போ சுண்டல் போதும், மாத்திரை எதுக்கு?” என்று நிறுத்திவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தடுக்கும் இடம் ஒன்று, வலிமை வேறு. ஏ.சி.இ.யின் வேகத்தைப் பாதியாகக் குறைக்க, எனலாப்ரில் வகையைச் சேர்ந்த கேப்டோப்ரில் மருந்து லிட்டருக்கு ஏறக்குறைய 0.02 மைக்ரோமோல் இருந்தால் போதும். உணவுப் பெப்டைடுகளில் அதிகம் ஆராயப்பட்ட பால் பெப்டைடுகள் இரண்டுக்கே 5 முதல் 9 மைக்ரோமோல் தேவை. அதாவது, மருந்தைவிடப் பல நூறு மடங்கு பலவீனம். போதாக்குறைக்கு வயிறும் குடலும் நீளமான சங்கிலிகளை மேலும் நறுக்கிவிடும். முழுசாகக் குடலைக் கடந்து ரத்தத்தில் சேர்பவை பெரும்பாலும் இரண்டு, மூன்று அமினோ அமிலம் கொண்டவைதான். மாத்திரை தீர்ந்துவிட்டால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். சுண்டலை நம்பி ஒரு வேளையும் விட வேண்டாம்.

நல்ல ஆய்வையும் தப்பாகப் படிக்கிறோம். கனடாவில் நடந்து 2013-இல் வெளியான சோதனையில், கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள் தினம் 30 கிராம் அரைத்த ஆளிவிதையை ஆறு மாதம் சாப்பிட்டார்கள். மேல் அழுத்தம், விதை சாப்பிடாத குழுவைவிடச் சுமார் 10 புள்ளி குறைவாக இருந்தது. மாத்திரையை விட்டுவிட்டுக் கிடைத்த பலன் அல்ல அது. அந்த விதையில் ஒமேகா-3 கொழுப்பு, நார்ச்சத்து, லிக்னான் என்ற தாவரப் பொருள் எல்லாம் இருந்தன. பெருமையைப் பெப்டைடுக்கு மட்டும் எழுதிவைக்க முடியாது.

இந்தப் பெப்டைடுகளுக்குச் சொல்லும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் (ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் திறன்) எண்களிலும் இதே குழப்பம். டி.பி.பி.எச். என்ற ஊதா நிற வேதிப்பொருளோடு சாற்றைக் கலந்து, நிறம் வெளுப்பதை வைத்து மதிப்பிடுகிறார்கள். எள் சாற்றில் பீனால் பொருள்கள் மிச்சமிருந்தால் அவையும் நிறத்தை வெளுக்கும். கரைப்பான் மெத்தனால் என்பதால் புரதம் திரிந்து கலங்கி, அளவீடு பிசகும். ப்ராஜெக்ட் செய்யும் கல்லூரிப் பிள்ளைகள் டி.பி.பி.எச். சேர்க்காத சாற்றைத் தனியே அளந்து கழிக்க வேண்டும்.

இனி அடுப்படி. பருப்பு வகைகளில், புரதத்தை வெட்டும் டிரிப்சின் நொதியைத் தடுக்கும் பொருள் உண்டு. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் புரதம் சரியாக வெட்டுப்படாது, வயிறும் உப்பும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, விரலால் நசுக்கினால் மசியும் வரை குக்கரில் வேகவையுங்கள். ஆளுக்கு 50 கிராம் உலர்ந்த கடலை என்றால் சுமார் 10 கிராம் புரதம். ஆளிவிதையை முழுசாக விழுங்கினால் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் எண்ணெய் சிக்கு அடித்துவிடும்.

சீக்கிரம் வேக சோடா உப்பு போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு டீஸ்பூனில் சுமார் 1.2 கிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்லும் மேல்வரம்பே 2 கிராம், அதாவது 5 கிராம் உப்பு. சாயங்காலம் சுண்டல் தின்றுவிட்டு, ராத்திரி காசிமேட்டுக் கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் ஊறுகாயும் வைத்துக்கொண்டால் கணக்கு எங்கே போகும் பாருங்கள். கருவாட்டை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்தாலும் உப்பு முழுசாகப் போகாது. அன்றைக்குக் குழம்பில் தனி உப்பு வேண்டாம். சுண்டலுக்கு உப்பைக் குறைத்து மாங்காய், எலுமிச்சை, தேங்காய்த் துருவலால் ருசியை ஏற்றலாம்.

எனலாப்ரில் வகை மாத்திரை சாப்பிடுகிறவர், அதிலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர், பயறு நல்லது என்று மூன்று வேளையும் தின்னக் கூடாது. அந்த மாத்திரை ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. பயறிலும் பொட்டாசியம் நிறைய. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் கலந்திருக்கும். மூன்றும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். சாப்பாட்டை மாற்றும் முன் பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் ரத்தத்தில் பார்த்துவிட்டு டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.